சுவாச மண்டல மருத்துவச் சொற்கள்

மூக்கில் தொடங்கி நுரையீரலின் நுண்ணறைகள் வரையுள்ள உறுப்புகளையும், அவற்றுக்கு வரும் நோய்களையும், அந்நோய்களுக்கான பரிசோதனை, சிகிச்சை முறைகளையும் குறிக்கும் சொற்களின் தொகுதி. தமிழில் இவை மூன்று வழிகளில் வந்து சேர்ந்தவை. சளி, கோழை, இரைப்பு, ஈளை போன்றவை வீடுகளிலும் சித்த மருத்துவத்திலும் நெடுங்காலமாகப் புழங்குபவை. நுண்ணறை, உதரவிதானம், நுரையீரல் உறை போன்றவை பாடநூல் எழுதியவர்கள் அமைத்தவை. வீசிங், நெபுலைசர், வென்டிலேட்டர் போன்றவை மருத்துவமனை வழியாகப் பேச்சுக்கு வந்தவை. நோயாளி முதல் வகையில் பேசுகிறார். மருத்துவர் மூன்றாம் வகையில் எழுதுகிறார். இந்த இரண்டும் பொருந்தாத இடங்களில்தான் நோய் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

உறுப்புப் பெயர்கள்

மூக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றைக் கடந்து காற்று மூச்சுக்குழலில் இறங்குகிறது. வளர்ந்தவர்களுக்கு இது ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. நீளம். அது இரண்டாகக் கிளைத்து, மேலும் இருபது தடவைக்கு மேல் கிளைத்து, கோடிக்கணக்கான நுண்ணறைகளில் முடிகிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள். இடது பக்கம் இதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இரண்டே. நுரையீரலைச் சுற்றி இரட்டை உறை. கீழே உதரவிதானம் என்னும் தசைத் தகடு. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சில் சுமார் 500 மி.லி. காற்று உள்ளே போய் வருகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதே உறுப்புகளுக்குப் பெயர்கள் வேறு. நுரையீரல் அங்கே சுவாசப்பை, மூச்சுக்குழல் வாதனாளி, உதரவிதானம் பிரிமென்றகடு. தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பிக்கும் முயற்சியும் அங்கேதான் முதலில் வேர் பிடித்தது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884) யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு நூல்களைத் தமிழாக்கினார். அதற்கென்று கலைச்சொற்களையும் தொகுத்தார். சொல் இல்லாத இடத்தில் சொல்லை அமைத்துக்கொண்டு பாடம் நடத்திய அந்த உழைப்புக்குத் தமிழ் மருத்துவ எழுத்து இன்னும் கடன்பட்டிருக்கிறது.

அறிகுறிகளின் பெயர்கள்

‘சளி’ என்ற சொல்லுக்கு வழக்கில் இரண்டு பொருள். மூக்கு ஒழுகித் தும்மல் வரும் ஜலதோஷமும் சளிதான். நெஞ்சிலிருந்து இருமி வெளியேற்றும் கோழையும் சளிதான். சளிப் பரிசோதனைக்குக் கேட்பது இரண்டாவதை. இது விளங்காமல் எச்சிலையோ மூக்குச் சளியையோ டப்பாவில் துப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் கிருமி தெரியாமல் போகக்கூடும். ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி இருமியெடுப்பதே மாதிரி.

‘இழுப்பு’ இதைவிடக் கவனம் வேண்டிய சொல். மூச்சு இரைத்து நெஞ்சு விம்முவதும் இழுப்பு. கை கால் வெட்டி வலிப்பு வருவதும் இழுப்பு. குழந்தைக்கு இழுப்பு வந்தது என்று தாய் சொன்னால் எந்த இழுப்பு என்று கேட்டறிவது மருத்துவரின் பொறுப்பு. இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. மூச்சு விடும்போது எழும் விசில் போன்ற ஒலியை மருத்துவமனையில் வீசிங் என்கிறார்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்று எழும் ஒலி ஸ்ட்ரைடர். இது குரல்வளையிலோ மூச்சுக்குழலிலோ அடைப்பு இருப்பதைச் சொல்வது. காத்திருக்கக் கூடாத அறிகுறி. நெஞ்சின் ஒலிகளை இப்படிப் பிரித்துப் பெயரிடும் வழக்கம், 1816-இல் பாரிஸில் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய ரெனே லேனெக்கிடமிருந்து வந்தது. கேட்ட ஒலியைப் பின்னர் பிணக்கூறாய்வில் கண்டதோடு ஒப்பிட்டு 1819-இல் நூலாக்கினார். 1826-இல் காசநோயால் இறந்தார்.

‘வாயில் ரத்தம் வந்தது’ என்பதும் இரண்டு நோய்களின் வாசல். இருமலோடு வந்தால் அது ஹீமாப்டிசிஸ்: நுரையீரலிலிருந்து வருவது, பெரும்பாலும் நல்ல சிவப்பு, நுரை கலந்தது. குமட்டி வாந்தியாக வந்தால் ஹெமடெமெசிஸ்: இரைப்பையிலிருந்தோ உணவுக்குழாயிலிருந்தோ வருவது, பல வேளைகளில் காப்பித்தூள் நிறம்.

நோய்ப் பெயர்கள்

ஆஸ்துமாவுக்குத் தமிழில் பெயர் பல: இரைப்பு, ஈளை, இழுப்பு, இலங்கையில் தொய்வு, முட்டு. மூச்சுக்குழல்கள் ஒவ்வாமையாலும் பிற தூண்டல்களாலும் வீங்கிச் சுருங்கி, மருந்தாலோ தானாகவோ மீண்டும் விரிவது இதன் இயல்பு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்னும் சி.ஓ.பி.டி. வேறு. பீடி, சிகரெட், மூடிய சமையலறையின் விறகுப் புகை ஆகியவற்றால் வருவது. அதில் சுருங்கிய குழல்கள் முழுமையாக விரிவதில்லை. வீட்டு வழக்கில் இரண்டுமே இரைப்புதான். அதனால் விறகடுப்பில் வாழ்நாள் முழுக்கச் சமைத்த பெண்ணுக்கு வந்த சி.ஓ.பி.டி., பீடி தொடாதவருக்கு அது எப்படி வரும் என்று கண்டுகொள்ளப்படாமல் போகிறது.

சொல் குழப்பம் அதிகம் நேர்ந்த நோய் காசநோய். பழைய மருத்துவ நூல்களில் காசம் என்பது இருமல். உடல் உருகித் தேய்வதை சயம், சயரோகம் என்றார்கள். இன்று காசநோய் என்றால் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் கிருமியால் வரும் டி.பி. மட்டுமே, அக்கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். பழைய சுவடி ஒன்று காசத்துக்குக் கூறும் மருந்தை டி.பி.க்கான மருந்தாக எடுத்துக்கொள்வது ஆபத்தான பிழை. அங்கே சொல்லப்படுவது வெறும் இருமலாக இருக்கலாம். டி.பி. நுரையீரலோடு நிற்பதுமில்லை. நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, மூளை உறை என்று எங்கும் வரும்.

டி.பி. சிகிச்சையின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. மருந்து இல்லாத காலத்தில் காற்றோட்டமும் ஓய்வும் ஊட்டமுமே சிகிச்சை. அதற்கென்று எழுந்தவை சானடோரியங்கள். 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய இல்லத்தின் பெயரை இன்றும் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு: வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நோயாளியுடன் வசித்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. டி.பி. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத் தேவையில்லை என்பதை உலகுக்கு நிறுவிய ஆய்வு இது. சேத்துப்பட்டில் இயங்கும் அந்நிறுவனத்தின் இன்றைய பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருந்துக்கு வசப்படும் சாதாரண டி.பி.க்கு இப்போது ஆறு மாதச் சிகிச்சை போதும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கட்டுப்படாததே எம்.டி.ஆர். டி.பி.

‘நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது’ என்று உறவினர்களிடம் சொல்லப்படும் வாக்கியம் இரண்டு வேறு நிலைகளை ஒன்றாக்கிவிடுகிறது. ஒன்று, நுரையீரலுக்கு வெளியே, இரட்டை உறைகளுக்கு நடுவில் நீர் சேர்வது. அது ப்ளூரல் எஃப்யூஷன். டி.பி., நிமோனியா, புற்றுநோய், இதயச் செயலிழப்பு எனப் பல காரணங்கள். ஊசி போட்டு நீரை எடுத்து, அதன் புரதம் முதலியவற்றைச் சோதித்துக் காரணம் அறிவார்கள். நீருக்குப் பதிலாகச் சீழ் சேர்ந்தால் எம்பயீமா. காற்று சேர்ந்தால் நியூமோதொராக்ஸ். மற்றது, நுண்ணறைகளுக்குள்ளேயே நீர் கசிவது. அது பல்மனரி எடிமா. பெரும்பாலும் இதயம் பலவீனப்பட்டு நள்ளிரவில் மூச்சுத் திணறலாக வரும். இங்கே ஊசியால் எடுக்க நீர் தேங்கி நிற்கவில்லை. ஆக்சிஜனும், சிறுநீராக நீரை வெளியேற்றும் மருந்தும், இதயத்துக்கான சிகிச்சையுமே வழி. ‘போன தடவை நீரை எடுத்தார்களே, இப்போது ஏன் எடுக்கவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. மருத்துவர்கள் உறவினர்களிடம் நீர் ‘உள்ளே’ என்றோ ‘வெளியே’ என்றோ ஒரு சொல் சேர்த்துச் சொன்னாலே பாதித் தவிப்பு தீரும்.

பரிசோதனைகளும் சிகிச்சைகளும்

ஊதிப் பார்க்கும் சோதனையான ஸ்பைரோமெட்ரியின் கருவி 1846-இல் ஜான் ஹட்சின்சன் அமைத்தது. முழுமூச்சில் ஊதியதில் முதல் நொடிக்குள் வந்த பங்கு எவ்வளவு என்பதே இதன் மையக் கணக்கு. குழல் விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 0.70-க்குக் கீழே இருந்தால் சி.ஓ.பி.டி. ஐயம் வலுக்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி 1970களில் கண்ட முறையில் இயங்குவது. நலமாக உள்ளவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் அளவைப் பொதுவாக 95 சதவீதத்துக்கு மேல் காட்டும்.

பம்ப் என்று பேச்சில் வழங்கும் இன்ஹேலரை நோய் முற்றியவர்களுக்கான கடைசி மருந்து என்று அஞ்சுபவர்கள் நிறைய. அச்சத்துக்கு அடிப்படை இல்லை. சால்புட்டமால் மாத்திரை ஒன்று 4 மி.கி.; இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையின் நாற்பதில் ஒரு பங்கு. வேண்டிய இடத்துக்கு நேரே போவதால் அவ்வளவே போதுமானது. நெபுலைசரிலிருந்து வருவதும் நீராவி அல்ல, மருந்தின் நுண்திவலை. ஆகவே வீட்டில் ஆவி பிடிப்பது அதற்கு ஈடாகாது.

மூச்சுக்குழலுக்குள் கருவி விட்டுப் பார்ப்பது பிராங்கோஸ்கோபி. குஸ்தாவ் கில்லியன் 1897-இல் விறைப்பான குழாயால் செய்தார். வளையும் கருவியை 1960களில் ஷிகெதோ இகெடா கொண்டுவந்தார். குழந்தை விழுங்கிப் புரையேறிய வேர்க்கடலையை எடுப்பது முதல் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது வரை இதன் பயன் விரியும்.

நுரையீரல் உறைகளுக்கு நடுவில் சேர்ந்த காற்றையோ சீழையோ வெளியேற்ற விலா எலும்புகளுக்கு நடுவே செருகும் குழாயை ஐ.சி.டி. என்கிறார்கள். அதன் மறுமுனை ஒரு பாட்டிலின் நீருக்குள் மூழ்கியிருக்கும். காற்று வெளியே வரும், திரும்பிப் போகாது. மூச்சோடு குழாயில் நீர் ஏறி இறங்குவது அடைப்பு இல்லை என்பதன் அடையாளம். உடனிருப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்றே: பாட்டிலை நோயாளியின் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது.

வாய் வழியே மூச்சுக்குழலில் குழாய் இறக்குவது இன்ட்யூபேஷன். அக்குழாயில் காற்றைச் செலுத்தும் எந்திரம் வென்டிலேட்டர். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சனின் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளை மூச்சு விடச் செய்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதன் வழி வந்தவை. வென்டிலேட்டர் நோயைக் குணமாக்குவதில்லை. நுரையீரல் தேறும் வரை அதன் வேலையைச் செய்கிறது. அது நீண்ட நாள் தேவைப்பட்டால் கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள், அதுவே டிரக்கியாஸ்டமி. கழுத்தில் ஓட்டை என்றதும் குடும்பத்தார் கலங்கி மறுப்பதுண்டு. உண்மையில் வாய்க்குழாயைவிட இது நோயாளிக்குத் தொந்தரவு குறைந்தது. மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை உறிஞ்சி எடுப்பதும் எளிது. காற்று குரல்நாண்களுக்குக் கீழேயே வெளியேறுவதால் அந்நாட்களில் பேச்சு வராது. தேவை தீர்ந்து குழாயை எடுத்தால், பெரும்பாலானவர்களுக்குத் துளை தானே மூடிக்கொள்ளும், குரலும் திரும்பும்.