எந்தத் தோலுக்கு அனுமதி?

1975இல் ஆனந்த சங்கர் வெளியிட்ட வாத்திய இசைத்தட்டு ‘ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்’. சிதார், எலெக்ட்ரிக் கிடார், மூக் சிந்தசைசர். கூடவே தபலா, மிருதங்கம். ஜாஸும் சைக்கடெலிக் ராக்கும் ஒரே தட்டில் புரண்டன. இங்கிலாந்து டான்ஸ் கிளப்புகள் வரைக்கும் போச்சு; 1996இல் ப்ளூ நோட் தொகுப்பொன்றிலும் அதன் இரண்டு உருப்படிகள் சேர்ந்தன.

நல்ல இசைதான், மறுப்பில்லை. ஆனால் கலப்பு, கலப்பு என்கிறோமே, அதற்குள் நுழைய எந்தத் தோலுக்கு அனுமதி? மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேணும். பதம்பார்த்து மூட்டு அடித்துத் தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சபா மேடை ஏறியதும் அது தேவ வாத்தியம். அதே மாட்டுத்தோல் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பறையாக இறுகினால் சாவு மேளம். 1990களில் தமிழகத் தலித்துகளில் ஒரு சாரார் சாவுக்கு அடிக்க மாட்டோமென்று பறையைக் கீழே வைத்தார்கள்; இன்னொரு சாரார் அதையே போராட்ட மேடைக்குத் தூக்கி வந்தார்கள்.