கண்டிக்கு நீலம் வந்த வழி



இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் பிள்ளைகள் நிறத்துக்காகச் சண்டை பிடிப்பது எல்லாப் பாடசாலையிலும் உள்ளதுதான். ஆனால் "பச்சைதானே எங்கட நிறம், நீலம் அவங்கட நிறம்" என்று அவர்கள் பேசும்போது, வரலாறு படிப்பிக்கும் நமக்குக் கொஞ்சம் உறைக்கிறது. தேசியக் கொடியில் முஸ்லிம்களுக்கென்று பச்சைக் கோடு சேர்ந்தது 1951இல்தான். நீலத்தோடு நமக்குள்ள தொடர்பு அதைவிடப் பல நூறு வருடம் மூத்தது. (இது கட்சி நிறம் பற்றிய பதிவு அல்ல. கொமெண்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

முதலில் இப்னு பதூதாவிடம் போவோம். மொரோக்கோவின் தஞ்சியரில் பிறந்த அவர் 1344இல் சரந்தீபுக்கு வந்தார். பாவா ஆதம் மலையைத் தரிசிப்பதுதான் அவருடைய நோக்கம். ஆனால் வழியெல்லாம் கண்டவற்றையும் விடவில்லை. இங்குள்ள மாணிக்கக் கற்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் என வகைகள் உண்டு என்கிறார். நீலக் கல்லை இந்த நாட்டவர் எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் அரபு எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். அது வேறொன்றும் இல்லை, நாம் இன்றைக்கும் வாயால் சொல்லும் "நீலம்" என்ற அதே சொல். 100 பணத்துக்கு மேல் பெறுமதியான கல் கிடைத்தால் அரசர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவருக்கே என்ற சட்டத்தையும் அவர்தான் நமக்குச் சொல்கிறார்.

அந்தச் சொல் கல்லோடு மட்டும் நிற்கவில்லை. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் சாயத்தை அரபிகள் "அந்நீல்" என்றார்கள். அது இந்தியக் கரையிலிருந்து அவர்கள் கொண்டுபோன சொல். அதைப் போர்த்துக்கேயர் "அனில்" ஆக்கினார்கள். பின்னாளில் ஜெர்மன் இரசாயனவியலாளர்கள் அவுரியிலிருந்து பிரித்த ஒரு பொருளுக்கு "அனிலின்" என்று பெயர் வைத்ததும் அதிலிருந்துதான். உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லை இன்றும் பாடமாக்குகிறார்கள்.

இப்னு பதூதா போன இன்னோர் ஊர் தீனவர், அதாவது தெற்கே உள்ள தெவிநுவர. வியாபாரிகள் வாழும் பெரிய கரையோர நகரம் என்று எழுதுகிறார். அந்த ஊரின் காவல் தெய்வமாகச் சிங்கள மக்கள் போற்றியவர் உபுல்வன். அந்தப் பெயருக்கு நீல ஆம்பல் நிறத்தவர் என்று பொருள். பிற்காலத்தில் அவரை விஷ்ணுவாகவே வணங்கினார்கள். 1588இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தார்கள். இன்று தலதா மாளிகைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் விஷ்ணு தேவாலயத்தைக் கண்டியில் மகா தேவாலயம் என்றே சொல்வார்கள். பெரஹரா பார்க்கப் போனால் நீலம் யாருடைய நிறம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு மதிப்பான நிறம் கண்டியின் விகாரைச் சுவர்களில் ஏன் இவ்வளவு குறைவு? அமுனுகம பக்கம் தெகல்தொருவ குகை விகாரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய அந்த ஓவியங்களின் பின்னணி முழுக்கச் சிவப்பு. பிறகு மஞ்சள், வெள்ளை, கறுப்பு. நீலத்தைத் தேட வேண்டும். ஆனந்த குமாரசுவாமி கனியவள அளவைக்குப் பொறுப்பாக இந்த நாட்டில் வேலை செய்தவர். கல்லைத் தேடிப் போன மனிதர் கலையைக் கண்டுபிடித்தார் என்று நாம் வகுப்பில் சொல்வதுண்டு. 1908இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் கண்டி ஓவியர்களின் நிறங்களுக்குக் கணக்கு இருக்கிறது. சிவப்பு சாதிலிங்கத்திலிருந்து, மஞ்சள் கொக்கட்டு மரப் பாலிலிருந்து, வெள்ளை மகுல் களிமண்ணிலிருந்து, கறுப்பு விளக்குக் கரியிலிருந்து. நீலம் அவுரியிலிருந்து, அதுவும் அரிதாக. அக்காலத்தில் உலகமெங்கும் பேர்பெற்ற நீலக் கல்மை ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையில் வெட்டிய லாஜவர்த் கல்லில் இருந்து வந்தது. அந்த விலைக்கு இங்கே யார் வாங்குவது?

சுவரில் குறைந்த நீலம் துணியில் இருந்தது. ரொபர்ட் நொக்ஸ் 1660இலிருந்து 1679வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர். வெளியே போகும்போது இங்குள்ள பெண்கள் போடும் வெள்ளைத் துணிச் சட்டையில் நீலமும் சிவப்புமான நூலால் பூவும் கொடியும் தைத்திருந்ததை 1681இல் அச்சான தன் நூலில் சொல்கிறார். கடலோரமெல்லாம் அந்நியர் கையில் இருந்த காலத்தில் மலைநாட்டுக்குத் துணியும் உப்பும் கருவாடும் எப்படி ஏறின? தவளம் மாடுகளின் முதுகில். பாக்கு அதே வழியில் இறங்கியது. இந்தப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அரச திணைக்களம் மடிகே பத்த. அதில் நம்மவர்களின் பங்கை வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் எழுதிய நூலில் விரிவாகக் காணலாம். இந்தியக் கரையில் நெய்து சாயம் தோய்த்த துணி கண்டிச் சந்தைக்கு வந்ததில் அந்த மாட்டுக்காரர்களின் காலடி இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில் திகனையில் நடந்ததற்குப் பிறகு, "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்" என்ற கேள்வியை நம் பிள்ளைகள் கைபேசியில் அடிக்கடி வாசிக்கிறார்கள். அதே நொக்ஸ் வேறொரு செய்தியும் சொல்கிறார். கண்டி நகரில் அப்போதே ஒரு பள்ளிவாசல் இருந்தது. காணிக்காரர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று முன்னைய மன்னர்கள் உரிமை கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் அதை வாங்கினார்கள், மக்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். 340 வருடத்துக்கு முன் ஓர் ஆங்கிலேயக் கைதி எழுதிய சாட்சி இது. அவருக்கு நம்மைப் புகழ வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் நீலம் மலிந்துபோனது. 1820களில் பிரான்சில் லாஜவர்த் நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் முறை கண்டுபிடித்தார்கள். பெட்டியில் வந்த தூள் விகாரைச் சுவர்களில் வானமாக ஏறியது. அதே தூள்தான் சலவை நீலமாகவும் வீட்டுக்குள் வந்தது. உம்மாமார் பாடசாலை வெள்ளை உடுப்பை நீலத்தில் முக்கிக் காயப்போடுவார்களே, அது பதக்ஷான் மலைக் கல்லின் மலிந்த தம்பி. கூடிப்போனால் சட்டையில் திட்டுத் திட்டாக நிற்கும், அதுவும் நமக்கு ஞாபகம்.

இன்னொரு சின்னத் தகவல். நீல மானெல் 1986இல் நமது தேசிய மலரானது. ஆனால் குளங்களில் இன்று நாம் பரவலாகக் காணும் ஊதாப் பூ பெரும்பாலும் நாட்டுப் பூ இல்லை, வெளிநாட்டுக் கலப்பினம் என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை பூ வரையும் பிள்ளையிடம் எந்தப் பூ என்று கேட்டுப் பாருங்கள்.

அக்குறணை, மடவளை, கல்ஹின்னை பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் தவளம் பற்றி ஏதும் சொல்லியிருந்தால் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். நீல, சிவப்பு நூல் தையல் போட்ட பழைய வெற்றிலைப் பை யாரிடமாவது இருந்தால் ஒரு படம் போடுங்கள். தயவுசெய்து கழுவிவிட்டுப் படம் எடுக்க வேண்டாம், பழைய அவுரிச் சாயத்தோடு என்ன சோப் ஒத்துப்போகும் என்று நாம் பரீட்சை பார்க்கத் தேவையில்லை.