பாலைவனப் பயண வாகனம்: ஆயத்த முறைகளின் வரலாறு

சாலை இல்லாத, பல நூறு கிலோமீட்டருக்குத் தண்ணீரோ எரிபொருளோ கிடைக்காத நிலப்பரப்பில் செல்வதற்காக வாகனத்தைத் தயார்செய்வது இன்று பல நாடுகளில் ஒரு பெரிய பொழுதுபோக்காகவும் தொழிலாகவும் வளர்ந்துள்ளது. நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சினின் விசை செல்லும் வாகனம் ஒன்றை வாங்கிவிட்டால் எந்தப் பாலைவனத்தையும் கடந்துவிடலாம் என்று விளம்பரங்களைப் பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். இதன் வரலாறு வேறு விதமானது. எகிப்து, லிபியா நாடுகளின் பெரும் மணற்பரப்புகளில் முதலில் பயணம் செய்தவர்கள் பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே இயங்கும் சாதாரண ஃபோர்டு கார்களில்தான் சென்றார்கள். அவர்களைக் காப்பாற்றியது வாகனத்தின் வகை அல்ல, புறப்படுமுன் அதில் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள். இன்று நான்கு சக்கர இயக்க வாகனத்தில் ஏற்றப்படும் சாமான்களில் பாதிக்கும் மேற்பட்டவை அந்தப் பயணங்களில் பிறந்தவை அல்லது செம்மையானவை.

தொடக்கம்

முதல் உலகப் போரின்போது, 1916 முதல், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சனூசி இயக்கத்தினருக்கு எதிராகப் பிரித்தானியப் படை ஃபோர்டு மாடல் டி கார்களைக் கொண்டு ரோந்து சென்றது. எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது என்பதே அந்தக் காரின் சிறப்பு. போர் முடிந்ததும் அந்த அனுபவம் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் சென்றார்கள். சிட்ரோயன் நிறுவனம் 1922–23 குளிர்காலத்தில், பின்சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர் பட்டை ஓடும் வண்டிகளை அனுப்பிச் சகாராவைக் கடந்தது. அது சிறப்பு இயந்திரம் ஒன்றை நம்பிய வழி. சாதாரணக் காரையே மாற்றி அமைத்து, ஓட்டும் முறையையும் மாற்றிக்கொண்ட வழிக்குச் சொந்தக்காரர் ரால்ஃப் பேக்னால்டு.

1896-இல் பிறந்த பேக்னால்டு பிரித்தானியப் படையில் பொறியாளராகப் பயிற்சி பெற்ற அதிகாரி. 1926-இல் எகிப்துக்கு மாற்றப்பட்டார். விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் சொந்தச் செலவில் பழைய மாடல் டி கார்களில் பாலைவனத்துக்குப் போகத் தொடங்கினார். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் மாடல் ஏ கார்களுடன் பெரும் பயணங்களை மேற்கொண்டார். லிபிய எல்லையை ஒட்டிப் பல நூறு கிலோமீட்டர் நீளும் பெரு மணற்கடலுக்குள் மோட்டார் வாகனம் போக முடியாது என்ற கருத்து அந்தப் பயணங்களோடு முடிவுக்கு வந்தது.

தண்ணீர்

பாலைவனத்தில் காரும் தண்ணீர் குடிக்கும். அக்காலக் கார்களில் இஞ்சின் சூடேறினால் ரேடியேட்டர் நீர் கொதித்து, ஆவி ஒரு குழாய் வழியே வெளியே போய்விடும். பின்காற்று அடிக்கும்போதும் மணலில் மெதுவாக ஏறும்போதும் இந்த இழப்பு மிக அதிகம். மனிதர் குடிக்க வேண்டிய நீரை ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டிய நிலை வரும்.

இதற்குப் பேக்னால்டு குழுவினர் பயன்படுத்திய தீர்வு எளிமையானது. ஆவி வெளியேறும் குழாயை அடைத்துவிட்டு, வேறொரு குழாய் வழியே ஆவியைக் காரின் பக்கவாட்டில் பொருத்திய ஒரு தகரக் கலத்துக்குள் செலுத்தினார்கள். கலத்தில் ஏற்கெனவே சிறிது நீர் இருக்கும். ஆவி அந்த நீரில் பட்டுக் குளிர்ந்து நீராகிவிடும். கலமும் கொதிக்கும் நிலைக்கு வந்தால் வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்திச் சற்றுக் காத்திருப்பார்கள். ரேடியேட்டர் குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, கலத்தில் உள்ள நீர் தானாகவே திரும்ப உறிஞ்சப்படும். கசிவு இல்லாவிட்டால் நாட்கணக்கில் ஒரு சொட்டுக்கூட வீணாகாது. இன்று நம் ஊர்க் கார்களின் முகப்பு மூடியைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தெரியும் பிளாஸ்டிக் குப்பியும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான். மாணவர்கள் ஒருமுறை திறந்து பார்க்கலாம், இஞ்சின் ஆறிய பிறகு.

மணல்

அழுத்தம் என்ற பாடத்தை நடத்தும் எந்த ஆசிரியரும் ஒட்டகத்தின் அகன்ற பாதத்தை உதாரணம் காட்டாமல் இருக்கமாட்டார். எடை மாறாமல் இருக்க, அது பரவும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். டயரில் காற்றைக் குறைப்பதும் அதுதான். டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பகுதி நீளும்; சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதக்கும். இன்று சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டும் வாகனத்துக்கு மென்மணலில் 16 முதல் 18 வரை வைப்பது பொது வழக்கம். அதில் ஆபத்தும் உண்டு. காற்று குறைந்த டயரோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கெடும், திருப்பத்தில் விளிம்பிலிருந்து கழன்றும் விடும். எனவே கெட்டித் தரை வந்ததும் மீண்டும் காற்றடித்தாக வேண்டும். காற்று அளவுமானியும் காற்றடிக்கும் கருவியும் வாகனத்தில் இடம் பெறுவது இதனால்தான்.

எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் வண்டி சில இடங்களில் புதையும். முதலில் கயிற்று ஏணிகளைச் சக்கரத்துக்கு முன்னால் விரித்துப் பார்த்தார்கள். பிறகு கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில், முதல் உலகப் போரில் பதுங்குகுழிக் கூரைக்காகச் செய்யப்பட்ட, சுமார் 5 அடி நீளமுள்ள எஃகுத் தகடுகள் கிடைத்தன. சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி அவற்றைச் செருகினால் சக்கரம் பிடிமானம் பெற்று மேலேறும். இன்று வண்டிகளின் மேற்கூரையில் பளிச்சென்ற நிறத்தில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பலகைகள் அவற்றின் பேரப்பிள்ளைகள். மணற்குன்றின் முன் தயங்கி நிற்பவன் புதைவான், வேகம் எடுத்து நேராக ஏறுபவன் உச்சியை அடைவான் என்பதையும் அவர்கள் ஓட்டிப் பார்த்தே கற்றார்கள். எந்த மணல் தாங்கும், எது தாங்காது என்ற கேள்வி பேக்னால்டை விடவில்லை. இங்கிலாந்து திரும்பிக் காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்தார். 1941-இல் வெளிவந்த அவரது மணலியல் நூல் இன்றும் அறிவியலாளர்கள் பயன்படுத்துவது.

திசை

காந்த ஊசி காருக்குள் பயன்படாது. இரும்பும் இஞ்சினும் அதை இழுத்துவிடும். ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சற்றுத் தூரம் நடந்து பார்க்க வேண்டும். பேக்னால்டு சூரியத் திசைகாட்டியைச் செம்மைப்படுத்தி ஓட்டுநரின் முன்னால் பொருத்தினார். 360 பாகைகள் குறிக்கப்பட்ட வட்டத்தகடு, அதன் நடுவில் நிமிர்ந்த ஓர் ஊசி, அவ்வளவுதான். சூரியன் நகர்வதற்கு ஏற்ப அட்டவணையைப் பார்த்துத் தகட்டை அவ்வப்போது திருப்பி, ஊசியின் நிழல் குறித்த கோட்டில் விழுமாறு வண்டியை ஓட்டினால் திசை தவறாது. கோடை நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் வந்து நிழல் இல்லாமல் போகும். அந்நேரத்தில் வெப்பம் காரணமாக எப்படியும் ஓய்வெடுப்பதே நல்லது.

பகலில் ஓடிய தூரத்தையும் திசையையும் குறித்து வைத்து, இரவில் நட்சத்திரங்களை அளந்து இருப்பிடத்தைச் சரிபார்த்தார்கள். அதற்குத் துல்லியமான நேரம் தேவை. பூமி 4 நிமிடத்தில் 1 பாகை சுழல்கிறது. எகிப்தின் தென்பகுதியில் 1 பாகை தீர்க்கரேகை என்பது ஏறக்குறைய 100 கி.மீ. கடிகாரம் 1 நிமிடம் பிசகினால் 25 கி.மீ. பிசகும். மணலில் புதைத்து வைத்த பெட்ரோலைத் தேடுபவனுக்கு 25 கி.மீ. என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள தூரம். ஆகவே வானொலியில் வரும் நேரச் சமிக்ஞையைப் பெறும் கருவியையும் எடுத்துச் சென்றார்கள்.

போரில் கிடைத்த சோதனை

1939-இல் பேக்னால்டு ஆப்பிரிக்காவின் வேறொரு பகுதிக்கு அனுப்பப்பட்டபோது, மத்திய தரைக்கடலில் கப்பல் மோதி, பழுது பார்க்க எகிப்தில் நின்றது. அந்தத் தற்செயலால் அவர் மீண்டும் கெய்ரோவில் இருந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பாலைவனத்தின் உட்பகுதியில் உளவு பார்க்கச் சிறு படை ஒன்றை அமைக்க அவர் முன்வந்தார். தளபதி வேவல் ஒப்புதல் அளித்தார். பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த அதே வேவல்தான். நெடுந்தொலைவுப் பாலைவனப் படை என்று பெயர் பெற்ற அந்தப் படையின் முதல் வீரர்கள் பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்தவை செவ்ரோலெட் நிறுவனத்தின் 30 ஹண்டர்வெயிட், அதாவது ஒன்றரை டன் லாரிகள். கதவு, முன்கண்ணாடி, கூரை எல்லாம் கழற்றப்பட்டன. ஸ்பிரிங் பட்டைகள் கூட்டப்பட்டன. நீராவிக் கலம், அகன்ற டயர், சூரியத் திசைகாட்டி, மணல் தகடு, வானொலி ஆகியவை பொருத்தப்பட்டன. ஒரு வீரருக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 பைண்ட், நம் கணக்கில் 3.4 லிட்டர் நீர்.

1941-இல் இந்தப் படைக்கு நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஃபோர்டு எஃப்-30 லாரிகள் வழங்கப்பட்டன. மணலில் அவற்றின் இழுவிசை அதிகம். ஆனால் எடையும் அதிகம், பெட்ரோல் செலவும் மிக அதிகம். எரிபொருள் கூடினால் சுமை கூடும், சுமை கூடினால் எரிபொருள் கூடும் என்ற சுழலில் சிக்கி, பயண எல்லை சுருங்கியது. 1942-இல் மீண்டும் இருசக்கர இயக்கம் கொண்ட புதிய செவ்ரோலெட்களுக்கே மாறினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்த முடிவுதான். பாலைவனத்தை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் அன்று குறைவு. அவர்கள் இழுவிசையைவிட எடையையும் எரிபொருளையும் பெரிதாகக் கருதினார்கள்.

எரிபொருளை எதில் கொண்டுசெல்வது என்பதும் ஒரு சிக்கலாக இருந்தது. பிரித்தானியப் படையின் மெல்லிய தகர டின்கள் குலுக்கலில் கசிந்து, பெட்ரோலில் பெரும் பங்கை வழியிலேயே இழந்தன. ஜெர்மானியர்களிடம் 20 லிட்டர் கொள்ளும் அழுத்தமான எஃகு கேன் இருந்தது. அதன் மேல் மூன்று கைப்பிடிகள் இருக்கும். நிறைந்த கேனை இருவர் சேர்ந்து தூக்கலாம், காலிக் கேன்களை ஒருவரே கைக்கு இரண்டாக எடுத்துச் செல்லலாம். கைப்பற்றிய கேன்களைப் பார்த்துப் பிரித்தானியரும் அதையே செய்தனர். ஜெர்மானியரைக் குறித்த கேலிப் பெயரால் அது ஜெர்ரி கேன் ஆயிற்று.

வாகனத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தப் படையின் வரலாற்றில் சான்று உண்டு. 1941 ஜனவரி 31 அன்று லிபியாவின் தெற்கே இத்தாலியத் தாக்குதலில் வண்டிகள் எரிந்தபின், ரொனால்டு மூர் என்ற நியூசிலாந்து வீரரும் மூவரும் ஒரே ஒரு டின் தண்ணீருடன் தெற்கு நோக்கி நடந்தார்கள். டின்னின் கொள்ளளவு 9 லிட்டர். பத்து நாட்கள் நடந்த மூர், 330 கி.மீ.க்கு மேல் கடந்த நிலையில் மீட்கப்பட்டார். நால்வரில் ஒருவர் மீட்கப்பட்ட பிறகு இறந்தார்.

ஆஸ்திரேலியா

போருக்காகப் பிறந்த ஜீப்பும், 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரும், பின்னர் ஜப்பானிய வாகனங்களும் வந்தபோது நான்கு சக்கர இயக்கம் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதை அதிகமாகப் பயன்படுத்திய நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. அதன் நடுப்பகுதியில் உள்ள சிம்ப்சன் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகள் ஒன்றுக்கொன்று இணையாக வரிசை கட்டி நிற்கின்றன. 1936-இல் டெட் கோல்சனும், 1939-இல் செசில் மாடிகனும் ஒட்டகங்களுடன் கடந்த அந்த நிலத்தை, 1962-இல் புவியியலாளர் ரெக் ஸ்பிரிக் தம் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் நிசான் பேட்ரோல் வாகனத்தில் கடந்தார். மோட்டார் வாகனத்தில் நடந்த முதல் கடத்தல் அதுவே. அடுத்த ஆண்டு பிரெஞ்சு எண்ணெய் நிறுவனம் ஒன்று ஆய்வுக்காகக் குன்றுகளின் குறுக்கே வெட்டிய பாதைதான் இன்றைய சுற்றுலாப் பயணிகள் செல்லும் ‘பிரெஞ்சு லைன்’.

ஆனால் அதே 1963-ஆம் ஆண்டு டிசம்பரில், சிம்ப்சனுக்குக் கிழக்கே உள்ள பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பத்தினர் ஐவர் தாகத்தால் இறந்தனர். அவர்கள் சென்றது சாதாரணக் கார். தடத்தைத் தவறவிட்டு, பெட்ரோல் தீர்ந்தது. காரில் ஒரு குறிப்பை எழுதி வைத்துவிட்டு நீர் தேடி நடந்தார்கள். மூர் நடந்ததற்குக் காரணம் வண்டி எரிந்துபோனது, எதிரி பின்னால் இருந்தது. இவர்களுக்கு வண்டி இருந்தது. நிழல் தரக்கூடியதும் வானிலிருந்து தேடுபவர்களின் கண்ணில் படக்கூடியதும் அதுதான். வாகனத்தை விட்டு நகராதே என்பதை ஆஸ்திரேலியாவில் எல்லாப் பயணிகளுக்கும் முதலில் சொல்கிறார்கள். உதவி கேட்கும் கருவி அந்நாட்டில் புதிதல்ல. 1929-இலேயே அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ட்ரேகர், மின்சாரம் இல்லாத பண்ணைகளுக்காகக் காலால் மிதித்து இயக்கும் வானொலியை உருவாக்கிப் பறக்கும் மருத்துவச் சேவைக்குத் தந்தார். இன்று அந்த இடத்தில் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறது.

இன்று சிம்ப்சனைக் கடப்பவர்களுக்கு மேற்கே மவுண்ட் டேர் முதல் கிழக்கே பேர்ட்ஸ்வில் வரை சுமார் 500 கி.மீ.க்கு எரிபொருள் கிடையாது. மணலில் செலவு சாலையைவிட மிக அதிகம் என்பதால் அதற்கேற்பக் கூடுதலாக எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நீர், டீசல், இரண்டாவது உதிரிச் சக்கரம், கருவிகள், உணவு என்று சேர்த்தால் வாகனம் தாங்கும் எடையை எளிதில் தாண்டிவிடும். மேற்கூரையில் பளுவை ஏற்றினால் குன்றுச் சரிவில் வண்டி கவிழக்கூடும். பேக்னால்டு கதவுகளைக் கழற்றிப் போட்டார். இன்றைய பயணிகள் சிலர் குளிர்சாதனப் பெட்டியும் கூடாரமும் கூரையில் ஏற்றுகிறார்கள்.

கடும் வெப்பம் காரணமாக ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்குள்ள பாலைவனப் பூங்காக்கள் மூடப்படுகின்றன. மற்ற மாதங்களில் செல்லும் வாகனங்கள் உயரமான கம்பத்தில் ஒரு கொடியைக் கட்டியிருக்க வேண்டும். குன்றின் உச்சியை நெருங்கும் ஓட்டுநருக்கு மறுபுறம் ஏறி வரும் வண்டி தெரியாது. அதன் கொடி மட்டும் முன்னதாகத் தெரியும்.