கம் மக்களின் கதைகளும் அவற்றை ஒருங்கிருந்து படித்தலும்

வாய்மொழிக் கதைகள் அச்சேறும்பொழுது சொல்வோரும் கேட்போரும் மறைந்து, கதை மட்டுமே எஞ்சுதல் இயல்பு. ஆதலின், அத்தகைய தொகுப்பைக் கற்போர், அது யார் சொல்ல, யார் எழுத, எந்நிலையில் எழுந்தது என்பதனை முதற்கண் ஆராய்தல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கம் மக்களிடமிருந்து திரட்டப்பெற்று, 1911-இல் இலண்டனில் வெளிவந்த கதைத் தொகுப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

கம் என்போர் சான் இனத்தாருள் ஒரு பிரிவினர். கேப் குடியேற்ற நாட்டின் வறண்ட உட்பகுதியில் வேட்டையாடி வாழ்ந்தவர். அவர்தம் மொழியில் சொடுக்கொலிகள் மிகுதி. தமிழ் எழுத்தால் அவற்றைக் குறித்தல் இயலாமையின், ஈண்டுப் பெயர்கள் அவ்வொலிகளின்றியே எழுதப்பெறுகின்றன. ஐரோப்பியரின் பண்ணைகள் பரவப் பரவ, நீர்நிலைகளும் வேட்டை நிலங்களும் கம் மக்களின் கையினின்று நீங்கின. பூசலாலும் பசியாலும் பலர் மாண்டனர். கால்நடை கவர்ந்தனர் என்னும் குற்றத்திற்காகச் சிலர் கேப் நகரச் சிறைக்கு அனுப்பப்பெற்றனர்.

1870-இல் அச்சிறையில் அம்மக்கள் 28 பேர் இருந்தமையைச் செருமானிய மொழியறிஞர் வில்லெம் பிளீக் அறிந்தார். அரசின் இசைவு பெற்று, அவருள் சிலரை மௌபிரே என்னும் இடத்திலிருந்த தம் இல்லத்தில் தங்கச் செய்தார். பிளீக்கும், அவர்தம் மனைவியின் உடன்பிறந்தாரான லூசி லாயிடும் அம்மொழியைக் கற்று, கதைகளைச் சொன்னவாறே எழுதினர். 1875-இல் பிளீக் மறைந்த பின்னரும் லாயிடு அப்பணியை விடவில்லை. இவ்வாறு நிரம்பிய ஏட்டுப் பக்கங்கள் 12,000-க்கும் மேற்பட்டன. அவற்றினின்று தெரிந்தெடுத்த பகுதியே, பிளீக் மறைந்து 36 ஆண்டுகள் கழித்து, மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைய நூலாயிற்று.

கதை சொன்னாருள் தலையாயவர் கப்போ என்பவர். 1871-இல் மௌபிரேக்கு வந்த இவர், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் 1873 வரை அங்கே விரும்பித் தங்கினார். தம் மக்களின் கதைகள் நூல் வாயிலாகப் பரவும் என்னும் எண்ணம் இவர்க்கு மகிழ்ச்சி தந்தது என லாயிடு எழுதியுள்ளார். எனினும், ஊர் திரும்பும் ஏக்கம் இவரை விட்டு நீங்கவில்லை. கதை என்பது தொலைவிலிருந்து காற்றைப் போல மிதந்து வருவது என்றும், தம் ஊரில் தம்மவரோடு அமர்ந்து அதனைக் கேட்க வேண்டும் என்றும் இவர் கூறிய பகுதி அந்நூலில் உள்ளது. இதனால், கதை தனியொருவர் உடைமையன்று, கூடியிருப்போர்க்கு உரியது என்பதே அவர் கருத்தாதல் புலனாகும்.

இக்கருத்தை உளங்கொண்டு, மாணவர் சிலருடன் ஒருங்கிருந்து இந்நூலைப் படித்தபொழுது இரண்டு செய்திகள் விளங்கின. முதலாவது, கூறியது கூறலைப் பற்றியது. தனித்துப் படிப்பார்க்குக் குற்றமாகத் தோன்றும் அது, ஒருவர் படிக்கப் பலர் கேட்குங்கால் நினைவிற்குத் துணையாயிற்று. இரண்டாவது, பொருள் கோடலைப் பற்றியது. தியாக்வைன் என்பார் சொன்ன கதையொன்றில், இறந்த தாய்க்காக இளமுயல் அழுகின்றது. தான் தேய்ந்து மீள்வது போல அவளும் மீள்வாள் எனத் திங்கள் கூறவும் முயல் நம்ப மறுக்கின்றது; சினந்த திங்கள் அதன் வாயைப் பிளந்து, உயிர்கள் மீளா வண்ணம் சபிக்கின்றது. கேட்டோருள் ஒருவர் நம்பாமையே குற்றம் என்றார். மற்றொருவர், அழும் குழவியை அடித்தல் அறமாகுமா என வினவினார். சொன்னவரும் சிறைப்பட்டவரே என்பதனை எடுத்துக் கூறியபின் அவ்வினா மேலும் கூர்மையுற்றது. எனினும், சிறை வாழ்வே இக்கதைக்குப் பொருள் எனத் துணிதல் தவறாகும். கதை மூத்தோர்வழி வந்தது. சிறை, அது ஏட்டில் ஏறியதற்குக் காரணம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் ஆராய்ச்சியாளர் கடன்.

கம் மொழி இன்று பேசுவாரின்றி மறைந்தது. அதன் ஏடுகள் 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவேட்டில் இடம்பெற்றன. வேறுபட்ட மக்கள் ஒன்றுகூடுக என்னும் பொருள்படும் கம் மொழித் தொடரைத் தென்னாப்பிரிக்கா 2000-இல் தன் அரசுச் சின்னத்தில் பொறித்தது. ஆயினும், சின்னமும் ஏடும் வழங்குமொழிக்கு ஈடாகா. சிறைப்பட்டோர் நல்கிய இக்கதைகளைச் சிறார்க்குரிய வேடிக்கை எனத் தள்ளாது, சொன்னவர் பெயரோடும் வரலாற்றோடும் பலர் கூடிப் படித்து ஆராய்தல் நம்மால் இயல்வதாகும்.