தணிகை மலையும் இயற்கை எழுத்தும்

தல புராணங்களின் நாட்டுப் படலத்தில் எந்த ஊரும் வறள்வதில்லை. திருத்தணிக்குப் பக்கத்திலுள்ள ஆர்.கே.பேட்டை வட்டாரமோ மழையையும் ஏரியையும் நம்பிய மானாவாரிச் சீமை. தணிகை எனப்படும் அந்தத் திருத்தணியைப் பாடிய கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணம் (18ஆம் நூற்றாண்டு) பெருங்காப்பியச் சுவை உடையதுதான். ஆனாலும் அந்த மரபு கேட்டது வாழ்த்தை, அவதானிப்பை அல்ல. சிறந்த இயற்கை எழுத்துக்கு அவதானிப்புதான் அடித்தளம் என்பது என் கட்சி. அப்படியானால் 99 பூக்களை அடுக்கும் சங்கப் பாடலான குறிஞ்சிப்பாட்டு வெறும் பட்டியல்தானே என்று கேட்கலாம். இல்லை. அருவியாடிய பெண்கள் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரு நிலத்தோடும் ஒரு செயலோடும் ஒட்டி நிற்கிறது.

விவரம் மட்டும் போதுமா, அது அறிவியல் அறிக்கை ஆகிவிடாதா என்பது நியாயமான மறுப்பு. அதற்கு விடை இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகனான இவர் 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பத்தி எழுதினார். புலியையும் யானையையும் போலவே காகத்தையும் அணிலையும் கூர்ந்து பார்த்தார். பார்த்ததைத் தம் ரசனையோடும் கிண்டலோடும் சொன்னார். அறிவியல் அறிக்கையில் அப்படிப் பார்த்துச் சொல்லும் ஆள் இருப்பதில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு.தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். தணிகை மலையைப் பற்றி இனி எழுத நினைப்பவர்கள் அதை முதலில் படியுங்கள்.