லைவ்ஜர்னலை விட்டு மூட்டை கட்டிய கதை

இணையத்துல டைரி எழுதுறவங்க ஒரு தளத்தை விட்டு இன்னொண்ணுக்கு ஏன் போறாங்க? டெம்ப்ளேட் அழகா இருக்கு, படம் போட இடம் அதிகம், இப்படித்தான் பொதுவா சொல்வோம். லைவ்ஜர்னல் வரலாறு வேற மாதிரிங்க.

1999ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மாணவர், நண்பர்களோடு தொடர்பில் இருக்க ஆரம்பித்த தளம் இது. கூட்டம் ஏற ஏற டேட்டாபேஸ் திணறியது. அதைச் சமாளிக்க 2003ல் அவர் எழுதியதுதான் மெம்கேஷ்டு. (ஆமாம், நம்ம ஆபீஸ் சர்வர்கள்ல ஓடுற அதே சாமான்தான்!) 2005 ஜனவரியில் சிக்ஸ் அபார்ட் நிறுவனம் தளத்தை வாங்கியது. அதே வருஷம் பிராட், ஒரு தளத்தின் அடையாளத்தோடு இன்னொரு தளத்தில் நுழைய ஓபன்ஐடி என்ற முறையையும் செய்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2007 மே கடைசியில் வந்தது வினை. குழந்தைகளைப் பாதிக்கும் விஷயங்களை ஒழிக்கிறோம் என்று சுமார் 500 கணக்குகளை ஒரே மூச்சில் முடக்கினார்கள். நோக்கம் சரி. ஆனா பார்த்தது பதிவுகளை இல்லை, சுயவிவரத்துல 'ஆர்வங்கள்' என்ற இடத்தில் இருந்த சொற்களை! பாலியல் கொடுமையிலிருந்து மீண்டவர்களின் குழுக்கள், ரசிகர் கதைக் குழுக்கள், 'லோலிதா' நாவலைப் பேசிய ஒரு குழு, எல்லாம் போச்சு. முடக்கிய பெயர்கள் மேல் கோடு விழுந்ததால் 'ஸ்ட்ரைக்த்ரூ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நிறுவனம் மன்னிப்பு கேட்டது, பல கணக்குகள் திரும்பின. நம்பிக்கை திரும்பலை. அந்த டிசம்பரில் தளம் ரஷ்யாவின் சுப் நிறுவனத்துக்குக் கைமாறியது.

அப்புறமும் ஏன் உடனே கிளம்பலை? பதிவை காப்பி பண்ணிடலாம். அடியில இருக்கும் நூறு பின்னூட்டம்? நண்பர்களுக்கு மட்டும்னு பூட்டி வெச்ச பதிவுகள்? வீட்டுச் சாமானை லாரியில ஏத்தலாம், திண்ணைப் பேச்சை எப்படி ஏத்துறது?

இங்கேதான் அங்கே வேலை பார்த்த டெனிஸ் பவோலூச்சி, மார்க் ஸ்மித் இருவரும் வருகிறார்கள். லைவ்ஜர்னலின் பெர்ல் நிரல் திறந்த மூலமாக இருந்ததால், அதிலிருந்தே கிளை பிரித்து 2009 ஏப்ரல் 30ல் ட்ரீம்விட்த் தளத்தைத் திறந்தார்கள். விளம்பரம் கிடையாது, காசு கட்டும் பயனர்களின் பணத்தில் ஓடுவது. 'நண்பர்' என்ற ஒற்றைச் சொல்லை இரண்டாக உடைத்தார்கள்: நான் யாரைப் படிக்கிறேன் என்பது வேற, என் பூட்டிய பதிவை யார் படிக்கலாம் என்பது வேற. எத்தனை மனஸ்தாபம் மிச்சம்! ஆனா என்னைக் கேட்டா பெரிய வேலை இறக்குமதிக் கருவிதான். பதிவுகளோடு பின்னூட்டங்களும் வந்தன, எழுதியவரின் லைவ்ஜர்னல் அடையாளத்தோடு, ஓபன்ஐடி வழியாக. அதாவது, வெளியேறும் கதவை பிராட் எப்பவோ செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கார்.

பலர் அப்பவும் நகரலை. 2016 டிசம்பரில் சர்வர்கள் ரஷ்யாவுக்குப் போயின. 2017 ஏப்ரலில் புது ஒப்பந்தம் வந்தது: ரஷ்யச் சட்டம்தான் செல்லும், ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சட்ட மதிப்பு இல்லை. தன்பாலின ஈர்ப்பு பற்றி எழுதுகிறவர்களுக்கு, 2013ல் அங்கே வந்த சட்டத்தை நினைத்தாலே பயம். மறுபடி ஒரு கூட்டம் மூட்டை கட்டியது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்கூட 2018ல் தன் சொந்தத் தளத்துக்குப் போய்விட்டார்.

கிளம்பாமல் அங்கேயே தங்கிவிட்ட பழைய நண்பருக்கும் வழி இருந்தது. அதே ஓபன்ஐடி வழியாக ட்ரீம்விட்த்தில் நுழைந்து, அனுமதி கொடுத்திருந்தால், பூட்டிய பதிவைப் படிக்கலாம், பழைய பெயரிலேயே பதில் போடலாம்.