இறந்தோரின் உரிமையும் கொள்ளைநோய் அச்சமும்: கடலூர்க் கடற்கரை உணர்த்தும் வரலாறு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரும், கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை வரை மீனவர் குப்பங்கள் பல சிதைந்தன.

அலை சில நிமிடங்களில் வடிந்தது. அதன் பின்னே எழுந்த ஓர் அச்சமோ பல வாரங்கள் நீடித்தது. கிடக்கும் பிணங்களிலிருந்து கொள்ளைநோய் கிளம்பும், எனவே அவற்றை உடனே புதைத்தாக வேண்டும் என்பதே அவ்வச்சம். கரையெங்கும் பிளீச்சிங் பவுடர் கொட்டப்பட்டது. முகமூடி அணிந்தவர்கள் சடலங்களை அள்ளினர். பல இடங்களில் பொக்லைன் இயந்திரங்கள் தோண்டிய குழிகளில், பெயரும் ஊரும் அறியப்படாமலேயே மனிதர்கள் மண்ணுள் மறைந்தனர். பிணம் தின்ற மீன் என்ற பேச்சுப் பரவி, மீன் வாங்குவோரும் குறைந்தனர். உறவையும் படகையும் இழந்த மீனவர், எஞ்சிய பிழைப்பையும் இழந்தனர்.

அந்த அச்சத்துக்கு அறிவியலில் ஆதாரம் இருந்ததா? அது எங்கிருந்து வந்தது? மார்க்கம் இதில் நமக்கு விதிக்கும் கடமை யாது? இம்மூன்று வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரைக்கு வந்து சேராத ஆய்வு

பேரலைக்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்னர், 2004 மே மாதத்தில், அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான சுகாதார அமைப்பின் ஆய்விதழில் ஆலிவர் மார்கன் என்பவரின் கட்டுரையொன்று வெளியாயிற்று. இயற்கைப் பேரிடரில் இறந்தோரின் உடல்களால் தொற்றுநோய் பரவுமா என்பதே அதன் பொருள். பேரிடரில் மாண்டோர் நோயால் இறந்தவர் அல்லர். நீரில் மூழ்கியும் அடிபட்டும் நசுங்கியும் இறந்தவர்கள். உயிரோடிருக்கும் ஏனையோரைவிட அவர்களிடம் கொள்ளைநோய்க் கிருமி மிகுதியாக இருக்கக் காரணமில்லை. உயிர் பிரிந்து உடல் குளிர்ந்தபின் பெரும்பாலான நோய்க்கிருமிகள் நெடுநாள் தாக்குப்பிடிப்பதுமில்லை. எனவே பொதுமக்களுக்கு அபாயம் மிகமிகக் குறைவு என்பது அவர் கண்ட முடிவு.

அக்கட்டுரை அபாயத்தை அடியோடு மறுக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். உடலைத் தொட்டுத் தூக்குவோருக்கு இரத்தத்தாலும் கழிவாலும் மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு போன்றவை தொற்றக்கூடும். கையுறையும் கைகழுவுதலும் அதற்குப் போதிய காப்பாகும். குடிநீர்க் கிணற்றில் பிணம் கிடப்பின் அந்நீரைப் பருகலாகாது. காலரா, எபோலா போன்ற நோய்களால் இறந்தோரின் நிலையோ முற்றிலும் வேறு.

இக்கருத்து அதற்கு முன்பே சொல்லப்பட்டதுதான். அதே சுகாதார அமைப்பைச் சேர்ந்த கிளாட் டி வீல் டி குவாயே, பேரிடர் பற்றிய கட்டுக்கதைகளைப் பரப்புவதை நிறுத்துங்கள் என்று 2000ஆம் ஆண்டிலேயே லான்செட் மருத்துவ இதழில் வேண்டியிருந்தார். எனினும் ஆய்விதழ்களில் இருந்த அறிவு, குழி தோண்டிய கைகளுக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. மாறாக, 2004 டிசம்பர் 28 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் டேவிட் நபாரோ, அலையில் இறந்தோர் அளவுக்கு நோயாலும் மக்கள் இறக்கக்கூடும் என எச்சரித்தது உலகெங்கும் செய்தியாயிற்று. அவ்வெச்சரிக்கை தூய குடிநீரும் சுகாதாரமும் கிட்டாமையால் விளையும் நோய்களைக் கருதியது. ஆனால் அதைக் கேட்ட மக்கள், கண்ணெதிரே கிடந்த பிணங்களோடு அதை இணைத்துக்கொண்டனர்.

நிகழ்ந்தது என்ன? அஞ்சிய கொள்ளைநோய் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் அந்நாள்களில் குழந்தைகளிடையே தட்டம்மை கண்டது உண்மை. அதை நேரில் ஆராய்ந்த மருத்துவ அறிஞர்களின் அறிக்கை 2006இல் வெளியாயிற்று. அலை தொட்ட ஊர்களிலும் தொடாத ஊர்களிலும் அந்நோய் இருந்ததை அது பதிவு செய்தது. தட்டம்மை உயிரோடிருக்கும் குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குப் பரவுவது. பிணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்குத் தேவைப்பட்டது தடுப்பூசி. அது போடவும் பட்டது.

அச்சத்தின் வேர்

கற்றவரும் கல்லாதவரும் ஒருசேர நம்பிய இக்கருத்து ஒருநாளில் தோன்றியதன்று. அழுகல் நாற்றத்தால் காற்று கெடுகிறது, கெட்ட காற்றால் கொள்ளைநோய் உண்டாகிறது என்ற கோட்பாடு கிரேக்க மருத்துவத்திலிருந்து அரபு மருத்துவத்துக்கு வந்தது. இப்னு சீனா (ரஹ்) தமது 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில், சதுப்பு நிலங்களின் ஆவியோடு போர்க்களத்தில் அடக்கப்படாது கிடக்கும் பிணங்களையும் காற்றைக் கெடுக்கும் காரணங்களுள் சேர்த்தார். இப்னு கல்தூனும் (ரஹ்) மக்கள் நெருக்கத்தால் காற்று கெட்டுக் கொள்ளைநோய் வருவதாக முகத்திமாவில் எழுதினார். ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இக்கொள்கையே கோலோச்சியது.

ஆயினும் அதை ஐயுற்றோரும் நம் மரபில் இருந்தனர். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் கிரனாடாவின் அமைச்சரும் மருத்துவருமான லிசானுத்தீன் இப்னுல் கதீப், கருங்கொள்ளை நோயை நேரில் கண்டு, நோயாளியோடு பழகியவருக்கும் அவர்தம் ஆடை, பாத்திரங்களைப் புழங்கியவருக்கும் நோய் வருவதையும், விலகியிருந்தோர் தப்புவதையும் எடுத்துக்காட்டித் தொற்றை நிறுவினார். ஸஹீஹுல் புகாரியின் விரிவுரையாளர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) தம் புதல்வியர் மூவரைக் கொள்ளைநோயில் பறிகொடுத்தவர். அந்நோய் பற்றி அவர் எழுதிய 'பத்லுல் மாஊன்' நூல், கெட்ட காற்றே காரணம் என்ற மருத்துவர் கூற்றை மறுக்கிறது. காற்றே காரணமெனின் அதைச் சுவாசிக்கும் மனிதரும் விலங்கும் யாவரும் நோயுற வேண்டுமே. ஒரே வீட்டில் ஒருவர் மாள மற்றவர் நலமாயிருப்பது எங்ஙனம். காற்று மிக நல்லதாக உள்ள ஊரிலும் பருவத்திலும் நோய் வருவது எங்ஙனம் என அவர் வினவுகிறார். நோய்க்குக் காரணமாக அவர் கொண்டது ஹதீஸில் வரும் ஜின்களின் தீண்டலையே. இன்றைய மருத்துவம் கூறும் காரணம் அதுவன்று. எனினும் பரவலாக ஏற்கப்பட்ட ஒரு கோட்பாட்டைக் கண்கூடான நிகழ்ச்சிகளைக் கொண்டு சோதித்த அம்முறை நாம் போற்றத்தக்கது.

1854இல் ஜான் ஸ்னோ இலண்டனில் காலராவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அந்நோயின் கிருமியை உறுதிசெய்தார். அதன்பின் கெட்ட காற்றுக் கொள்கை மருத்துவ நூல்களிலிருந்து அகன்றது. மக்கள் மனத்திலிருந்து அகலவில்லை. அதற்கு நியாயமும் உண்டு. திருவிழாக் கூட்டங்களில் வாந்திபேதி கண்டு மக்கள் மடிந்த காலத்தில், அந்நோயால் இறந்தவரின் உடலும் துணியும் உண்மையிலேயே நோயைப் பரப்பின. அந்த நினைவு தலைமுறைகளாகத் தொடர்ந்து வந்தது. நோயில் இறந்தவர்க்குப் பொருந்திய எச்சரிக்கை, நீரில் இறந்தவர்மீதும் ஏற்றப்பட்டது. நாற்றம் குமட்டலைத் தரும், குமட்டல் நோயன்று. இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் அன்று இல்லை.

மார்க்கம் கூறுவது

ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தியதாக அல்லாஹ் அறிவிக்கிறான் (17:70). அக்கண்ணியம் உயிர் பிரிந்ததும் முடிந்துவிடுவதில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பதை உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகக் கூறினார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் ஆன்மாவன்றோ என்பது அதற்கு அவர்கள் கூறிய விளக்கம். நீரில் மூழ்கி இறந்தவர் மறுமையில் ஷஹீதின் நன்மையைப் பெறுவார். போர்க்கள ஷஹீதைப் போலன்றி அவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைப்பது ஃபர்ளு கிஃபாயா.

ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு நபிமொழி உள்ளதே எனக் கேட்கலாம். அவ்விரைவு இறந்தவரின் கண்ணியம் கருதியது. இன்னார் என அறியாமலே மூடிவிடும் விரைவு அச்சத்தின் விளைவு. இரண்டும் ஒன்றல்ல. நெருக்கடியில் பலரை ஒரே கப்ரில் அடக்குவதற்கும் உஹதுப் போரில் முன்மாதிரி உண்டு. அன்று இருவர் மூவராக அடக்கியபோதும், யார் யாரென அறிந்து, குர்ஆனை அதிகம் கற்றவரை முன்வைத்தே அடக்கினர். அப்போரில் ஷஹீதாகி மற்றொருவருடன் அடக்கப்பட்ட தம் தந்தையை, ஆறு மாதம் கழித்து எடுத்துத் தனிக் கப்ரில் வைத்தார் ஜாபிர் (ரலி). தந்தை கிடக்குமிடம் தெரிந்திருந்ததால் அது இயன்றது.

அடையாளம் என்பது மனநிறைவை மட்டும் பொறுத்ததன்று. இறப்பு உறுதியாகாவிடின் மனைவியின் இத்தா தொடங்காது, வாரிசுரிமை பங்கிடப்படாது, கணவர் 'மஃப்கூத்' எனும் காணாமற்போனோர் நிலையில் இருப்பார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, நான்காண்டுகள் கணவரைப் பற்றி எத்தகவலும் இல்லாத மனைவியே மணமுறிவு கோரலாம். அன்று நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமோ இறப்பை அனுமானிக்க ஏழாண்டுகளைப் பொது வரம்பாக வைத்திருந்தது. ஒரு புகைப்படமும் ஒரு குறிப்பும் எடுத்து வைக்கும் அரைமணி நேரம், ஒரு விதவையை ஆண்டுக்கணக்கான அலைச்சலிலிருந்து காக்கும்.

வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்தில், மஹ்மூது பந்தர் என முன்னோர் வழங்கிய பரங்கிப்பேட்டையில், முஸ்லிம் ஜமாஅத்தார் அந்நாள்களில் ஆற்றிய பணி வரலாற்றில் இடம்பெற்றது. சுற்றுக் குப்பங்களிலிருந்து ஓடிவந்த மீனவ மக்களுக்கு அவர்கள் இடமும் உணவும் அளித்தனர். உடல்களை மீட்டு அடக்கும் பணியிலும் இத்தமிழகக் கரையில் முஸ்லிம் தொண்டர்கள் சமயம் பாராது ஈடுபட்டனர். நோய் வரும் என்ற பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். கடமை அதனினும் பெரிதெனக் கொண்டனர்.

அச்சம் அதிகாரத்தின் கைக்கு வந்தபோது

பேரலையின் பாடம் ஏட்டில் பதிவாயிற்று. தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளில் இறந்தோரைக் கையாண்ட முறைகளை மார்கனும் பிறரும் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் பங்கேற்று வெளியிட்ட கள வழிகாட்டி நூல், உடல்களைப் புகைப்படமெடுத்து எண்ணிட்டு, பின்னர் அடையாளம் காண ஏதுவாக வரிசையாக அடக்கவேண்டும் என்றது. சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினியும் பிணங்கள்மேல் தூவுவதால் பயனில்லை என்றும் கூறியது.

ஆயினும் 2020இல் கொரோனா வந்தபோது பழைய அச்சமே மீண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துத் தாமும் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்க விடாது கூட்டத்தினர் தாக்கினர். அதன்பின் அத்தகைய இடையூறுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை எனத் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. இங்கு அரசு அச்சத்தைத் தடுத்தது.

இலங்கையில் அரசே அச்சத்தை ஆணையாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெடும் எனக் கூறி, கொரோனாவில் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டும் என 2020 ஏப்ரல் 11ஆம் நாள் அரசிதழில் விதித்தது. அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே வழிகாட்டியிருந்தது. எதிர்த்துத் தொடுத்த மனுக்களை அந்நாட்டு உயர் நீதிமன்றம் டிசம்பரில் தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தடை நீங்கியது. அடுத்த மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. சாம்பலாகிவிட்ட உடல்களை எந்த மன்னிப்பும் கப்ருக்குக் கொண்டுவராது.

நம் பொறுப்பு

பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி வந்தால் உடனே பரப்பிவிடுவோரைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது. அதைத் தூதரிடமும் பொறுப்பாளரிடமும் கொண்டுசென்றிருந்தால், ஆய்ந்து உண்மை காண்போர் அதனை அறிந்திருப்பர் என்கிறது (4:83). அச்சத்தைப் பற்றிய செய்தி என்று அவ்வசனம் தனித்துச் சுட்டுவது சிந்திக்கத்தக்கது. அச்சமுற்ற மனம் சான்று கேட்பதில்லை. அறிவிப்பாளர் வரிசையைத் துருவித் துருவி ஆராய்ந்த முஹத்திஸ்களின் வழிவந்த சமுதாயம், உடல்நலம் பற்றிய செய்தியிலும் அந்த ஆராய்ச்சியைக் கைவிடலாகாது.

கடலூர் மாவட்டக் கரையில் புயலும் வெள்ளமும் இனியும் வரும். ஜனாஸாச் சட்டங்களைக் கற்பிக்கும் அரபுக் கல்லூரிகளில், பேரிடர்க் காலத்தில் மய்யித்தைக் கையாளும் முறையும் ஒரு பாடமாக வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்திலும் குளிப்பாட்டும் பணியறிந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் கையுறையின் பயன், புகைப்படம், எண்ணிடல், குறிப்பெழுதல் ஆகியவற்றை மருத்துவர்களைக் கொண்டு முன்கூட்டியே பயிற்றலாம். நோயில் இறந்தவர்க்கும் விபத்தில் இறந்தவர்க்கும் உள்ள வேறுபாட்டை ஜும்ஆ மேடையில் ஒருமுறை விளக்குவது, அலை வந்தபின் நூறுமுறை கூவுவதினும் பயன் தரும். உயிரோடிருப்போரைக் காப்பதும் இறந்தோரைக் கண்ணியப்படுத்துவதும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதை மார்க்கமும் மருத்துவமும் ஒருங்கே கூறுகின்றன. அதை மக்களுக்கு எட்டச் செய்வது கற்றோர்மீது கடமை. அக்கடமையை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.